பொட்வின்னிக் – கபப்ளாங்கா, 1938: ஆட்டம் எங்கே முடிவானது? கேள்விகளும் பதில்களும்

இது எந்த ஆட்டம்? ஏன் இன்னும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்?

1938 நவம்பர் 22, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம். அவ்ரோ என்ற டச்சு வானொலி நிறுவனம் நடத்திய போட்டியின் 11ஆவது சுற்று. வெள்ளையில் மிகயில் பொட்வின்னிக், வயது 27, சோவியத் நாட்டு மின்பொறியாளர். கறுப்பில் கியூபாவின் ஹோசே ரவுல் கபப்ளாங்கா, 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். அவருக்கு 50 வயது நிறைந்து மூன்றே நாள் ஆகியிருந்தது.

போட்டியில் மொத்தம் எட்டே பேர். அன்றைய உலக சாம்பியன் அலெஹின், முன்னாள் சாம்பியன்கள் கபப்ளாங்கா, யூவே, அவர்களோடு பொட்வின்னிக், கெரெஸ், ஃபைன், ரெஷெவ்ஸ்கி, ஃப்ளோர். ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை மோதினார்கள். கெரெஸும் ஃபைனும் 8.5 புள்ளிகளோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பொட்வின்னிக் 7.5 எடுத்து மூன்றாவது. கபப்ளாங்காவுக்கு 6, அதாவது கடைசிக்கு முந்தைய இடம்.

இன்றைக்கு அந்தப் போட்டியில் ஜெயித்தது யார் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். ஆனால் 30ஆவது நகர்த்தலில் வெள்ளை தன் மந்திரியை (பிஷப்பை) ஏ3 கட்டத்தில் இலவசமாகக் கொண்டுபோய் வைத்ததைச் செஸ் படித்த எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அந்த மந்திரி நகரும் முன்பே, 14 முதல் 20 வரையான நகர்த்தல்களில், ஆட்டத்தின் போக்கு தீர்மானமாகிவிட்டது என்பதுதான் என் கட்சி. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முழு ஆட்டத்தையும் ஒரே இடத்தில் தர முடியுமா?

தருகிறேன். பிஷப்பை மந்திரி என்றும், ரூக்கை யானை என்றும் எழுதியிருக்கிறேன். பலகையின் எட்டு வரிசைகளும் வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெறும் கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல். × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0 என்றால் ராஜாவையும் அதன் பக்கத்து யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் கேஸ்லிங். எண்ணுக்குப் பிறகு மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல்.

1. டி4 குதிரை எஃப்6 2. சி4 இ6 3. குதிரை சி3 மந்திரி பி4 4. இ3 டி5 5. ஏ3 மந்திரி×சி3+ 6. பி×சி3 சி5 7. சி×டி5 இ×டி5 8. மந்திரி டி3 0-0 9. குதிரை இ2 பி6 10. 0-0 மந்திரி ஏ6 11. மந்திரி×ஏ6 குதிரை×ஏ6 12. மந்திரி பி2 ராணி டி7 13. ஏ4 எஃப் யானை இ8 14. ராணி டி3 சி4 15. ராணி சி2 குதிரை பி8 16. ஏ யானை இ1 குதிரை சி6 17. குதிரை ஜி3 குதிரை ஏ5 18. எஃப்3 குதிரை பி3 19. இ4 ராணி×ஏ4 20. இ5 குதிரை டி7 21. ராணி எஃப்2 ஜி6 22. எஃப்4 எஃப்5 23. இ×எஃப்6 குதிரை×எஃப்6 24. எஃப்5 யானை×இ1 25. யானை×இ1 யானை இ8 26. யானை இ6 யானை×இ6 27. எஃப்×இ6 ராஜா ஜி7 28. ராணி எஃப்4 ராணி இ8 29. ராணி இ5 ராணி இ7 30. மந்திரி ஏ3 ராணி×ஏ3 31. குதிரை எச்5+ ஜி×எச்5 32. ராணி ஜி5+ ராஜா எஃப்8 33. ராணி×எஃப்6+ ராஜா ஜி8 34. இ7 ராணி சி1+ 35. ராஜா எஃப்2 ராணி சி2+ 36. ராஜா ஜி3 ராணி டி3+ 37. ராஜா எச்4 ராணி இ4+ 38. ராஜா×எச்5 ராணி இ2+ 39. ராஜா எச்4 ராணி இ4+ 40. ஜி4 ராணி இ1+ 41. ராஜா எச்5. கபப்ளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. போனில் செயலி இருந்தாலும் போதும்.

ஓபனிங் முடிந்தபோது யார் கை ஓங்கியிருந்தது?

யாருக்கும் இல்லை. இது நிம்ஸோ இந்தியன் ஓபனிங். 5. ஏ3 என்று கேட்டதும் கறுப்பு தன் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டியது. வெள்ளைக்கு சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் விழுந்தது. ஏழாவது நகர்த்தலில் சிப்பாயை மாற்றிக்கொண்டு அந்தக் குறையை வெள்ளை சரிசெய்துவிட்டது.

இந்த இடத்தில் சிப்பாய்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஏழு ஏழுதான். ஆனால் பரவியிருக்கும் விதம் வேறு. ராணிப் பக்கத்தில், அதாவது ஏ, பி, சி வரிசைகளில், கறுப்புக்கு மூன்று, வெள்ளைக்கு இரண்டு. நடுவிலும் ராஜா பக்கத்திலும் வெள்ளைக்கு ஐந்து, கறுப்புக்கு நான்கு. ஆக, கறுப்பு எங்கே முன்னேற வேண்டும், வெள்ளை எங்கே முன்னேற வேண்டும் என்பது பத்தாவது நகர்த்தலிலேயே எழுதப்பட்டுவிட்டது. இனி யார் முதலில் போய்ச் சேருகிறார் என்பதுதான் பந்தயம்.

10...மந்திரி ஏ6 கபப்ளாங்காவின் நல்ல நகர்த்தல். டி3இல் நின்ற வெள்ளை மந்திரி கறுப்பு ராஜாவை நேராகக் குறிவைத்து நின்றது, அதை மாற்றிக்கொண்டு ஒழித்தார். மிச்சமிருந்த மந்திரி சி1இல் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடந்தது. அதற்கு விலையாகக் கறுப்புக் குதிரை ஏ6இல், பலகையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது.

13. ஏ4 எதற்கு? பக்கத்தில் துணைச் சிப்பாய் இல்லாத சிப்பாயை ஏன் முன்னால் தள்ள வேண்டும்?

12...ராணி டி7 என்று கறுப்பு ஆடியது, ராணியை ஏ4இல் கொண்டுபோய் நிறுத்தத்தான். அங்கே அது வேரூன்றிவிட்டால் வெள்ளையின் ராணிப் பக்கம் முழுக்க முடங்கும். அதைத் தடுக்கவே சிப்பாய் முன்னேறியது. இன்னொரு பலனும் கூடவே வந்தது. ஏ3 கட்டம் காலியானது. அப்போதைக்கு அது சி5ஐத் தாக்க மந்திரிக்கு ஒரு வழி, அவ்வளவுதான். 17 நகர்த்தல் கழித்து அதே கட்டத்துக்கு வேறு வேலை வந்தது.

14...சி4இல் என்னதான் தப்பு? இடம் பிடிப்பது நல்லதுதானே?

இந்த ஆட்டத்தில் அதிகம் விவாதிக்க வேண்டிய நகர்த்தல் இதுதான்.

14. ராணி டி3 என்று வந்தபோது ஏ6 குதிரை தாக்கப்பட்டது. கறுப்புக்கு நேரடியான பதில் ராணி பி7. குதிரைக்குக் காவல், நடுவில் எதுவும் மாறவில்லை. அதற்குப் பதிலாக கபப்ளாங்கா சிப்பாயை சி4க்குத் தள்ளி வெள்ளை ராணியை விரட்டினார்.

அவர் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் தப்பு என்று சொல்லிவிடக் கூடாது. சி4 விழுந்ததும் ராணிப் பக்கம் உறைந்துவிடுகிறது. ஏ4 சிப்பாய் தனியாக நிற்கிறது. அதற்கு உதவிக்கு வரப் பக்கத்தில் சிப்பாய் இல்லை. கறுப்புக் குதிரை பி8, சி6, ஏ5, பி3 என்று சுற்றிப் போனால் அந்தச் சிப்பாயை வெள்ளையால் காப்பாற்றவே முடியாது. அதை வெட்டிவிட்டால் ஏ, பி வரிசைகளில் வெள்ளைக்குச் சிப்பாயே கிடையாது. அப்படியே எண்ட்கேமுக்கு, அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்துக்குப் போனால் கறுப்பு எளிதாக ஜெயிக்கும். எண்ட்கேமில் கபப்ளாங்காவை மிஞ்ச யாரும் இல்லாத காலம் அது. இது பேராசையில் பிறந்த திட்டம் இல்லை, தெளிவான திட்டம்.

பிறகு எங்கே இடறியது? சி5இல் இருந்தவரை அந்தச் சிப்பாய் டி4ஐ உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளை இ4 என்று நடுவைத் திறக்க நினைக்கும் ஒவ்வொரு முறையும், டி4 என்ன ஆகும் என்று யோசித்தாக வேண்டும். சி4க்குப் போனதும் அந்த உறுத்தல் போய்விட்டது. டி4 பாறை மாதிரி உறுதியானது. வெள்ளைக்கு இனி ஒரே வேலை: இ4 ஆடுவது. அதைத் தடுக்க டி5 சிப்பாய், எஃப்6 குதிரை, இ8 யானை மூன்றும் போதும் என்று கபப்ளாங்கா நம்பினார். போதவில்லை.

என்னைக் கேட்டால், கறுப்பு இன்னும் முன்னாலேயே, 13ஆவது நகர்த்தலில், சி×டி4 என்று மாற்றிக்கொண்டு சி வரிசையைத் திறந்து யானையை சி8க்குக் கொண்டுவந்திருக்கலாம். வரிசை திறந்திருந்தால் வெள்ளை இரண்டு யானைகளையும் ராஜா பக்கம் திருப்பியிருக்க முடியாது.

16ஆவது நகர்த்தலில் ஏ1 யானை ஏன் போனது? எஃப்1 யானையை இ1க்கு நகர்த்தியிருக்கலாமே?

கேட்க வேண்டிய கேள்வி. எந்த யானை என்ற குழப்பம் எல்லா ஆட்டக்காரருக்கும் வருவதுதான். இங்கே பதில் சுலபமாகத் தெரியாது, ஏனென்றால் ஏ1 யானைக்கு ஒரு வேலை இருந்தது: ஏ4 சிப்பாயைக் காப்பது. அந்த யானையை எடுத்தால் சிப்பாயும் போகும் என்பது பொட்வின்னிக்குக் கண் முன்னால் தெரிந்தது.

எஃப்1 யானையை நகர்த்தினால் ஏ4க்குக் காவல் நீடிக்கும். ஆனால் எஃப்3, இ4, எஃப்4, எஃப்5 என்று சிப்பாய்கள் முன்னேறும்போது எஃப் வரிசையில் பின்னாலிருந்து தள்ள ஆள் இருக்காது. இ வரிசைக்கு ஒரு யானை, எஃப் வரிசைக்கு ஒரு யானை, இரண்டும் வேண்டும். ஏ வரிசையில் காவல் நிற்கும் யானை, கறுப்பு தேர்ந்தெடுத்த இடத்தில் கறுப்பு தேர்ந்தெடுத்த சண்டையைப் போடும் யானை. அதை அங்கே விட்டுவைத்தால் சிப்பாய் பிழைக்கும், ஆட்டம் போய்விடும்.

எனவே ஏ யானை இ1க்கு. சத்தமில்லாத நகர்த்தல், எந்தப் புத்தகத்திலும் இதற்கு இரண்டு ஆச்சரியக்குறி (அற்புதமான நகர்த்தல் என்பதற்கான அடையாளம்) போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஆட்டத்தின் உண்மையான தியாகம் இங்கேதான் நடந்தது. 30ஆவது நகர்த்தலில் மந்திரியைக் கொடுத்தது, இங்கே போட்ட முதலைத் திரும்ப வசூலித்த வேலை.

குதிரை பி3 வரை போனது கறுப்புக்கு லாபமா, நஷ்டமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11ஆவது நகர்த்தலில் குதிரை பி8இலிருந்து ஏ6க்கு வந்தது. 15இல் திரும்ப பி8. 16இல் சி6. 17இல் ஏ5. 18இல் பி3. அங்கே போனதும் சி2 ராணிக்கும் ஏ4 சிப்பாய்க்கும் நடுவில் சுவர் விழுந்தது, 19இல் கறுப்பு ராணி சிப்பாயை வெட்டியது. குதிரைக்கு ஐந்து நகர்த்தல், ராணிக்கு ஒன்று, கிடைத்தது ஒரு சிப்பாய்.

அதே நேரத்தில் வெள்ளை என்ன செய்தது? யானை இ1, குதிரை ஜி3, எஃப்3, இ4. ஒவ்வொரு நகர்த்தலும் ஒரே திசையில்.

இதைவிட முக்கியம், 18ஆவது நகர்த்தலுக்குப் பிறகு அந்தக் குதிரை நகரவே இல்லை. ஆட்டம் முடியும்போதும் அது பி3இல்தான் நிற்கிறது. இன்னும் 23 நகர்த்தல்கள், தன் ராஜாவைச் சுற்றி ஊரே எரிகிறது, குதிரை அசையவில்லை. காய்களின் மதிப்பைக் கூட்டிப் பார்த்தால் கடைசியில் கறுப்புக்கு ஒரு முழுக் குதிரை அதிகம். அந்த அதிகமான குதிரை எது என்று பார்த்தால், இதேதான்.

19. இ4க்குப் பிறகு கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டியிருந்தால்?

எஃப்×இ4 என்று வெள்ளை திரும்ப வெட்டும். டி4, இ4 இரண்டும் ஜோடியாக நிற்கும், எஃப் வரிசை திறக்கும், எஃப்1 யானை நேரே எஃப்6 குதிரையைப் பார்க்கும். வெள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்தது போலாகிவிடும்.

20...குதிரை டி7 வெறும் பின்வாங்கலா?

இல்லை, அதில் ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு ராணி ஏ4இல், வெள்ளை ராணி சி2இல், நடுவில் பி3 குதிரை. அந்தக் குதிரை சி5க்குக் குதித்தால் ராணிகள் நேருக்கு நேர் வரும். வெள்ளை குதிரையை வெட்டினால் ராணி போகும். ராணிகளை மாற்றிக்கொண்டால் தாக்குதல் முடிந்தது, கறுப்பு கையில் ஒரு சிப்பாய் அதிகம். ஒதுங்கிக்கொண்டால் குதிரை டி3இல் வந்து உட்காரும். பி3 குதிரை திரும்பி வர இருந்த ஒரே வழி இதுதான்.

21. ராணி எஃப்2 என்று பொட்வின்னிக் ஒதுங்கினார். இனி குதிரை சி5க்கு வந்தால் டி4 சிப்பாய் சும்மா வெட்டிக்கொள்ளும். குதிரைக்கு வாசல் மூடியது, ராணியோ எஃப் வரிசையில் தன் சிப்பாய்க்குப் பின்னால் சரியான இடத்தில் நின்றது. இப்படி ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை முடிவதைப் பழைய ஆட்டங்களில் தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

22...எஃப்5க்கு வெள்ளை கடந்துபோகும் சிப்பாயை (இரண்டு கட்டம் தாண்டியதை, ஒரு கட்டமே நகர்ந்தது போல) வெட்டியது ஏன்? இ5 சிப்பாய் பலமானதுதானே?

பலமானதுதான். ஆனால் வெட்டாமல் விட்டால் ராஜா பக்கம் பூட்டிக்கொள்ளும். எஃப்4, எஃப்5 மோதி நிற்கும், இ வரிசை இ5 சிப்பாயால் அடைபடும். அப்புறம் கறுப்பு நிதானமாக ராணிப் பக்கச் சிப்பாய்களை நடத்திக்கொண்டு போகலாம். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறைவு, நேரம் அவர் பக்கம் இல்லை. எது நடந்தாலும் பலகை திறந்தே இருக்க வேண்டும்.

அதனால்தான் 23. இ×எஃப்6, உடனே 24. எஃப்5. அழகான இ5 சிப்பாயைக் கொடுத்து இ வரிசையை வாங்கினார். சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு ஆடுகிறவர் எந்த நேரமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த நகர்த்தலால் பலகை திறக்கிறதா, மூடுகிறதா என்பதுதான்.

26. யானை இ6 எப்படி வேலை செய்கிறது?

கறுப்பு யானையை இ8க்குக் கொண்டுவந்து, மாற்றிக்கொள்வோம் என்று கேட்டது. காய் அதிகம் இருப்பவர் மாற்றிக்கொள்ள விரும்புவது வழக்கம்தானே. பொட்வின்னிக் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார், ஆனால் தன் இடத்தில். இ6இல் நிற்கும் யானைக்கு எஃப்5 சிப்பாய் காவல். வெட்டினால் அந்தச் சிப்பாய் இ6க்கு வந்துவிடும். எதிரே தடுக்கவோ பக்கத்திலிருந்து வெட்டவோ கறுப்புச் சிப்பாய் ஒன்றுகூட இல்லை. அதோடு எஃப் வரிசை திறந்து எஃப்2 ராணி எஃப்6 குதிரையைத் தாக்கும்.

வெட்டாமல் 26...ராஜா எஃப்7 என்றால் 27. யானை×எஃப்6+ ராஜா×எஃப்6 28. எஃப்×ஜி6+ என்று ராஜா நடுப்பலகையில் அம்மணமாக நிற்கும். ஒரு நகர்த்தலுக்கு முன்னால், 25இல், யானையை எஃப்8க்கு நகர்த்தியிருந்தால் கறுப்பு இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடித்திருக்கும்.

சரி, 30. மந்திரி ஏ3. அதில் அப்படி என்ன இருக்கிறது?

நிலையைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் இ6இல். இன்னும் இரண்டு கட்டம் போனால் ராணி. அதைத் தடுத்துக்கொண்டு கறுப்பு ராணி இ7இல் நிற்கிறது, அதே ராணிதான் எஃப்6 குதிரைக்கும் காவல். வெள்ளை ராணி இ5இல், குதிரை ஜி3இல்.

முன்னேறும் சிப்பாயை மறித்து நிற்கச் சிறந்த காய் குதிரை. மோசமான காய் ராணி, ஏனென்றால் சின்னக் காய் ஒன்று தாக்கினாலும் ராணி நகர்ந்தாக வேண்டும். கறுப்பிடம் இரண்டு குதிரைகள் இருந்தும் ஏன் ராணி காவலுக்கு நிற்கிறது? ஒன்று எஃப்6இல் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. இன்னொன்று எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

மந்திரி ஏ3க்கு வந்து அந்த ராணியைத் தாக்குகிறது. ராணி இ8க்கு ஒதுங்கினால் 31. ராணி சி7+, அடுத்து மந்திரி இ7 என்று கறுப்பு மூச்சுத் திணறும். மந்திரியை வெட்டினால் இ7இல் காவல் இல்லை. 31. குதிரை எச்5+ என்று இரண்டாவது காயையும் கொடுத்து ராஜாவின் முன்னிருந்த ஜி6 சிப்பாயை இழுத்து, 32. ராணி ஜி5+, 33. ராணி×எஃப்6+, 34. இ7. இப்போது வெள்ளைக்கு எஃப்8இல் மேட் காத்திருக்கிறது, இ8இல் புது ராணியும் காத்திருக்கிறது.

12ஆவது நகர்த்தலிலிருந்து பி2இல் வெள்ளையின் மிக மோசமான காயாகக் கிடந்த மந்திரிதான் இதைச் செய்தது என்பதைப் பலரும் ரசிப்பார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. அது ஏ3இல் சாகிறது. அந்த இடத்துக்குப் போன கறுப்பு ராணி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிப்பாயை வெட்டிய ஏ4க்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறது. ஆட்டம் முழுக்கக் கறுப்பை எந்தப் பக்கம் இழுத்தார்களோ, கடைசியிலும் அதே பக்கம்தான் இழுத்தார்கள்.

31. குதிரை எச்5+ வந்தபோது அதை வெட்டாமல் இருந்திருந்தால்?

ராஜா எஃப்8 என்றால் 32. ராணி×எஃப்6+ ராஜா இ8 33. ராணி எஃப்7+ ராஜா டி8 34. ராணி டி7 மேட், இ6 சிப்பாய் ராணிக்குக் காவல். ராஜா எச்8 என்றாலும் எஃப்6ஐ வெட்டி மேட்தான். ராஜா எச்6 என்றால் குதிரை எஃப்6ஐ வெட்டுகிறது, அதற்குப் பிறகு வரும் செக்குகளிலிருந்து வெள்ளை ராஜா நடந்து தப்பிவிடுகிறது.

கடைசியில் வெள்ளை ராஜா ஏன் எச்5 வரை ஓடியது?

34. இ7க்குப் பிறகு கறுப்புக்கு ஒரே நம்பிக்கை, தொடர்ந்து செக் கொடுத்து டிரா வாங்குவது. ஏழு செக் கொடுத்தார் கபப்ளாங்கா. வெள்ளை ராஜா எஃப்2, ஜி3, எச்4 என்று மேலே ஏறி, எச்5இல் இருந்த கறுப்புச் சிப்பாயையும் வெட்டியது. 40. ஜி4 என்று குறுக்கே சிப்பாயை வைத்துவிட்டு 41இல் மறுபடி எச்5. அங்கே செக் கொடுக்கப் பயனுள்ள கட்டம் எதுவும் இல்லை.

இதில் எஃப்6 ராணியின் பங்கைக் கவனியுங்கள். அங்கிருந்தே அது டி4 சிப்பாயையும், ஜி5, எச்4 கட்டங்களையும், எஃப் வரிசையையும் பார்த்துக்கொள்கிறது. 34இல் ஆசைப்பட்டு ராணி எஃப்7+ என்று ஆடியிருந்தால் இந்தக் காவல் அத்தனையும் போய், கறுப்பு ராணிக்குச் செக் கொடுக்க இடம் பெருகியிருக்கும்.

இத்தனையையும் பொட்வின்னிக் முன்கூட்டியே கணக்கிட்டாரா?

இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் சில நகர்த்தல்களைக் கணக்கிட்டு, குறைந்தபட்சம் டிரா கையில் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு இறங்கினார். அந்த இடம் வந்த பிறகு மிச்சத்தைக் கணக்கிட்டார். இதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. 12 நகர்த்தல் ஆழத்துக்குப் பார்ப்பவர்கள் மட்டும்தான் தியாகம் செய்யலாம் என்று நினைத்திருந்தேன்.

கபப்ளாங்காவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் தோற்றார் என்கிறார்களே?

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது உண்மை. அந்தப் போட்டி ஒரே ஊரில் நடக்கவும் இல்லை. ஆம்ஸ்டர்டாம், ஹேக், ராட்டர்டாம், உட்ரெக்ட் என்று ஊர் ஊராகப் பயணம், வயதானவர்களுக்குக் கஷ்டம். மூன்று நாளுக்கு முன்னால் தன் பிறந்தநாளன்றே அலெஹினிடம் தோற்றிருந்தார். 1942இல் நியூயார்க்கில் பக்கவாதத்தில் இறந்துபோனார்.

ஆனால் இந்த ஆட்டத்தை நோயின் கணக்கில் எழுதுவது இருவருக்கும் அநியாயம். 14ஆவது நகர்த்தலில் இருந்தது களைத்த மூளையின் மறதி இல்லை, ஒரு தீர்ப்பு: அந்தப் பக்கம் வேகமாகப் போகும், இந்தப் பக்கம் தாமதமாகும் என்று எடைபோட்டார். எடை பிசகியது. கடைசியில் ஏழு செக்கையும் பிசகில்லாமல் தேடிக் கொடுத்தவரும் அவரே.

இருவரும் பழைய பழக்கக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1925இல் லெனின்கிராடில் கபப்ளாங்கா ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது, அவரை ஜெயித்தவர்களில் 14 வயதுப் பொட்வின்னிக்கும் ஒருவர். 1936 நாட்டிங்ஹாமில் இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

30ஆவது நகர்த்தலிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். புதிராகக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் மந்திரியைக் கண்டுபிடித்துக் கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

15...குதிரை பி8க்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்துங்கள். வெள்ளைக்கு ஏ4 சிப்பாய் போகப் போகிறது, என்ன செய்வாய் என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் காப்பாற்றத்தான் வழி தேடுவார்கள். தேடட்டும். அவர்கள் சொல்லும் வழியிலேயே நாலைந்து நகர்த்தல் ஆடவிட்டு, வெள்ளைக் காய்கள் எங்கே போய் நிற்கின்றன என்று காட்டுங்கள். அப்புறம் ஏ யானை இ1 என்று வையுங்கள். அதற்குமேல் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

இதைப் பார்த்து முடித்தவர் அடுத்து எதைப் பார்க்கலாம்?

யூவே – கெல்லர், 1953, ஜூரிக் கேண்டிடேட்ஸ் போட்டி (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி). அதே நிம்ஸோ இந்தியன், அதே போல ஏ3, அதே போல வெள்ளை எஃப்3, இ4, எஃப்4, எஃப்5 என்று ராஜாவை நோக்கி ஓடுகிறது. கறுப்புக் குதிரை இங்கேயும் ஏ5க்குப் போய் ராணிப் பக்கச் சிப்பாயை வெட்டுகிறது. ஆனால் கெல்லரின் குதிரை அங்கேயே தங்கவில்லை. 14இல் சி4இல் வெட்டியது, 18இல் இ5க்கு, 19இல் டி3இல் தாக்குதலுக்குத் தேவையான வெள்ளை மந்திரியையே வெட்டியது. சி வரிசையும் அவருக்குத் திறந்திருந்தது. 22ஆவது நகர்த்தலில் யானையை எச்8இல் வைத்து, வெட்டிக்கொள் என்று வெள்ளை ராணியை மூலைக்கு அழைத்தார். யூவே வெட்டினார். மற்ற யானை சி2இல் நுழைந்தது, 26ஆவது நகர்த்தலோடு வெள்ளை கைவிட்டது.